விஷம் இறங்கிய இடம்

சிறுசேரி சிப்காட்டில் இரவுப் பணி மாறும் நேரத்தில் பழைய மாமல்லபுரம் சாலை பகலாகவே இருக்கிறது. நிறுவனப் பேருந்துகளும் இருசக்கர வண்டிகளும் சுக்குக் காப்பி விற்கும் சைக்கிள்காரருமாகச் சாலை விழித்திருக்கிறது. அந்த வெளிச்சத்தை விட்டுக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் ஏரிக்கரை. கரைக்கு அப்பால் கருவேலம் புதர், இன்னும் மனை போடாமல் தப்பிய சில துண்டு நிலங்கள், வரப்பெங்கும் எலி வளைகள். அங்கே இருக்கும் இருட்டு நம் பாட்டன் பூட்டன் கண்ட அதே இருட்டுதான். இருட்டிய பிறகு பாம்பு என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது, பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும் என்று நம்மை அடக்கிய கிழவிகளின் காலத்துக்கும் கண்ணாடிக் கட்டடங்களின் காலத்துக்கும் இடையே அந்தப் பூச்சி இடம் மாறவே இல்லை. உடம்பில் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசைப் புள்ளிகளோடு, சருகோடு சருகாக, அசையாமல் கிடக்கிறது கண்ணாடி விரியன். மிதிபடும் வரை ஓடாது. சீறினால் குக்கர் ஆவி விடுவதுபோல் கேட்கும். மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையில் தூக்கியவர்களும் உண்டு.

இந்தக் கடற்கரை பாம்போடு பழகிய கடற்கரை. மாமல்லபுரத்துப் பெரும்பாறையில், உள்ளூரார் அர்ச்சுனன் தபசு என்றும் வேறு சிலர் கங்கை இறங்கிய காட்சி என்றும் சொல்லும் சிற்பத் தொகுதியின் நடுவில், பாறை பிளந்த இடத்தில் நாகராசனும் நாகினியும் கைகூப்பியபடி மேலெழுகிறார்கள். உச்சியில் நீரைத் தேக்கி அந்தப் பிளவு வழியே வழியவிட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. நீர் இறங்கும் வழியில் நாகத்தை வைத்த பல்லவச் சிற்பியின் கற்பனையை இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் வாசகர்கள் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அதே ஊர்க் கடற்கரையில் மாசி மகத்துப் பௌர்ணமியில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, மணலில் சேலையைக் கட்டித் தங்கி, தங்கள் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். வடக்கே ஒரு நாள் நடைதூரத்தில் மயிலாப்பூர். பூப்பறிக்கப் போன பூம்பாவையைப் பாம்பு தீண்டியதும், தந்தை சிவநேசர் அவள் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்திருந்ததும், சம்பந்தர் பாட அவள் எழுந்து வந்ததும் அங்கே இன்றும் ஆண்டுதோறும் விழாவாக நடக்கின்றன. திங்களூரில் அப்பூதியடிகளின் மகன், அப்பருக்கு அமுது படைக்க வாழைக்குருத்து அரியப் போய்த் தீண்டப்பட்டு, ஓடி வந்து இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தான் என்கிறது பெரியபுராணம்.

இந்தக் கதைகளில் எல்லாம் மரணம் விரைவானது என்பதைக் கவனிக்க வேண்டும். இலையைக் கொடுத்த கை தாழ்வதற்குள் உயிர் போகிறது. நரம்பைக் கட்டும் நஞ்சு அது. நல்ல பாம்பின் நஞ்சு அப்படிப்பட்டது. பாட்டுக்கும் பதிகத்துக்கும் ஏற்ற மரணமும் அதுதான். விரியன் கொண்டுவரும் சாவு வேறு நடையில் வருவது. அது பல நேரம் முதல் நாள் வருவதில்லை, மூன்றாம் நாளும் வராமல் போகலாம். எட்டு, பத்து நாள் கழித்து, கடிவாயில் புண் ஆறிக்கொண்டிருக்கும்போது வரும். அதைப் பாட யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தச் சாவைப் பாம்போடு சேர்த்துப் பார்க்கவே யாருக்கும் தோன்றவில்லை.

ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் பக்கத்துக் கிராமங்கள் எல்லாவற்றிலும் ஒரே கதைதான் வருகிறது. பெயரும் வயலும் மட்டும் மாறும். அறுப்புக் காலம். பொழுது சாய்ந்த பிறகு கட்டுத் தூக்கப் போனவரைக் கணுக்காலில் பிடுங்கிற்று. கயிற்றால் இறுகக் கட்டினார்கள், பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள், வேப்பிலை அடித்து மந்திரித்தார்கள். விடியும்போது ஆள் கண் விழித்துப் பேசினார், நீராகாரம் குடித்தார். வைத்தியருக்கு வேட்டியும் வெற்றிலைபாக்கும் வைத்துக் கொடுத்து, விஷம் இறங்கிவிட்டது என்று எல்லோரும் கலைந்து போனார்கள். நாலாம் நாள் முகம் உப்பியது. இடுப்பில் வலி என்றார். சாப்பாட்டைக் கண்டால் குமட்டல், ஓயாத விக்கல். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ நினைவு தப்பிப் போய்ச் சேர்ந்தார். காத்து கறுப்பு என்றார்கள், தெய்வக் குற்றம் என்றார்கள், பத்தியம் முறிந்தது என்றார்கள். வைத்தியரின் பெயருக்குக் களங்கம் வரவில்லை. அவர்தான் விஷத்தை இறக்கிவிட்டாரே!

இறங்கத்தான் இறங்கியது. காலிலிருந்து புறப்பட்டு அது எங்கே இறங்கியது என்று பார்க்கத்தான் ஆளில்லை. அந்த நாலு நாளும் அவர் சிறுநீர் கழித்தாரா என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த விரியனை ஒருவர் எழுத்தில் பிடித்து வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் அரசில் இயற்கை ஆய்வாளராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் ரஸ்ஸல். பாம்பு கடித்துச் சாகும் குடியானவர்களையும் கூலிகளையும் பார்த்து, எது விஷப்பாம்பு எது சாதுவான பாம்பு என்று பொதுமக்கள் இனம் காண ஒரு நூல் வேண்டும் என்று இறங்கியவர். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1796இல் லண்டனில் வெளிவந்தது. அதில் இந்தப் பாம்பை, தெலுங்கு மக்கள் வழங்கிய பெயரோடு, படம் போட்டுக் காட்டினார். கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு நிமிடக் கணக்கில் குறித்து வைத்தார். அடுத்த ஆண்டே ஐரோப்பிய விலங்கியலார் அந்தப் பாம்புக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் தஞ்சாவூர் மாத்திரை என்று ஒன்று மதராஸில் புகழ்பெற்றிருந்தது. வெள்ளைப் பாஷாணம் சேர்ந்த அந்த மாத்திரை பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்து என்று வெள்ளைக்கார மருத்துவர்களே நம்பினார்கள். ரஸ்ஸல் அதையும் விடாமல் சோதித்துப் பார்த்தார். கடிபட்டவர்களில் பலர் மருந்தே இல்லாமலும் பிழைப்பார்கள், எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது பலித்ததாகவே தோன்றும் என்ற சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு முறையும் நஞ்சைச் செலுத்துவதில்லை. மந்திரத்துக்கும் மாத்திரைக்கும் கிடைத்த புகழில் பாதி, பாம்பு போட்ட பிச்சை.

பிறகு நூறு ஆண்டு கழித்து, 1890களில், பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் குதிரையின் இரத்தத்திலிருந்து நல்ல பாம்புக்கு எதிரான சீரம் செய்தார். அது உலகத்துப் பாம்புகள் எல்லாவற்றுக்கும் கேட்கும் என்றும் நம்பினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்ப் பிளேக் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜார்ஜ் லாம்ப், கண்ணாடி விரியன் நஞ்சுக்கு முன்னால் அந்தச் சீரம் கைகட்டி நிற்கிறது என்று காட்டினார். ஒரு நஞ்சின் மாற்று இன்னொரு நஞ்சுக்கு ஆகாது. இந்தப் பாடத்தை நாம் மறந்து மறந்து கற்கிறோம். அதைப் பின்னால் பார்ப்போம்.

கடித்த கணத்திலிருந்து உள்ளே நடப்பதை இப்போது கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். விரியன் நஞ்சில் உள்ள இரண்டு நொதிகள் இரத்தம் உறைவதற்கான சங்கிலியை நடுவில் பிடித்து இழுக்கின்றன. உடம்பு காயம் பட்டால் மட்டும், அந்த இடத்தில் மட்டும் இயக்க வேண்டிய பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் அவை காயமே இல்லாத இடமெல்லாம் தட்டி எழுப்புகின்றன. குழாய்க்குள்ளேயே இரத்தம் துணுக்குத் துணுக்காக உறைகிறது. ஓரிரு மணி நேரத்தில் உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜென் முழுக்கச் செலவழிந்துபோகிறது. உறைந்து உறைந்தே உறையும் சக்தியை இழந்த இரத்தம் அதற்குப் பிறகு தண்ணீராக ஓடுகிறது. ஈறில் கசிகிறது, ஊசி குத்திய இடத்தில் நிற்காமல் வழிகிறது. 1934இல் இங்கிலாந்தில் மாக்ஃபார்லேன் என்ற மருத்துவர் இதே நஞ்சை நீர்த்துத் தடவி, பல் பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்காத நோயாளிகளுக்கு இரத்தத்தை நிறுத்திக் காட்டினார். இன்றும் பெரிய ஆய்வுக்கூடங்களில், திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்களுக்குச் செய்யும் ஓர் இரத்தச் சோதனைக்கு இந்த விரியனின் நஞ்சுதான் வேதிப்பொருள். ஐ.டி. வளாகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் வீட்டுக் கொல்லைக்கு அப்பால் கிடக்கும் அதே பாம்பின் நஞ்சைத் தன் இரத்தத்தோடு ஒரு குழாயில் சந்திக்கவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள் என்று நினைத்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

அந்த உறைந்த துணுக்குகள் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், கைப்பிடி அளவே உள்ள இரண்டு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றின் தலையிலும் இரத்த நுண்நாளம் நூல்கண்டுபோல் சுருண்டிருக்கும். அதிலிருந்து வடியும் நீர் ஒரு நீண்ட நுண்குழலில் இறங்கும். நாளொன்றுக்கு 180 லிட்டர் இப்படி வடிகிறது. ஒன்றரை லிட்டரைத் தவிர மற்றதை எல்லாம் குழலின் சுவரில் உள்ள செல்கள் மீண்டும் உறிஞ்சி இரத்தத்துக்கே கொடுத்துவிடுகின்றன. நூல்கண்டில் ஃபைப்ரின் துணுக்குகள் அடைகின்றன. அடைபட்ட சல்லடை வழியே பிழிந்து செல்லும் சிவப்பணுக்கள் கிழிகின்றன, தட்டணுக்கள் குறைகின்றன. நஞ்சிலுள்ள வேறு நொதிகள் நுண்நாளத்தின் அடிச்சவ்வை அரிக்கின்றன. நாளங்கள் ஒழுகுவதால் நீர் வெளியே கசிந்து, இரத்த அழுத்தம் விழுகிறது. சிறுநீரகத்துக்கு வரும் ஓட்டம் குறைகிறது.

இந்தக் குறைவைத் தாங்க முடியாத ஒருவர் உள்ளே இருக்கிறார். நுண்குழலின் முதற்பகுதிச் சுவரில் நிற்கும் செல். உடம்பிலேயே ஓய்வில்லாத கூலியாள் அது. குழலை நோக்கிய பக்கத்தில் தூரிகைபோல் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள், இரத்தத்தை நோக்கிய பக்கத்தில் சோடியத்தை இறைக்கும் பம்புகள், நடுவில் அந்தப் பம்புகளுக்கு எரிபொருள் செய்யும் மைட்டோகாண்ட்ரியாக்கள் வரிசையாக நிற்கும். இறைப்பது நின்றால் அடுத்த மடைக்கு நீர் இல்லை. ஆக்சிஜன் குறைந்ததும் எரிபொருள் தீர்கிறது. பம்புகளை அவற்றின் இடத்தில் கட்டி வைத்திருந்த உள்சட்டம் அவிழ்கிறது. இரத்தப் பக்கம் இருக்க வேண்டிய பம்பு குழல் பக்கம் நழுவிப்போகிறது. எந்தப் பக்கம் வாசல், எந்தப் பக்கம் கொல்லை என்று தெரியாத வீடாகிறது அந்தச் செல். தூரிகை மயிர்கள் உதிர்கின்றன. பக்கத்துச் செல்லோடு கோத்திருந்த கை விடுபடுகிறது. கடைசியில் செல்லே அடிச்சவ்விலிருந்து பிடி விட்டுக் குழலுக்குள் விழுந்து, கிழிந்த சிவப்பணுக்களிலிருந்து வடிந்த நிறமியோடு சேர்ந்து அடைப்பாகிறது. சில நோயாளிகளுக்குச் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வருவது இதனால்தான். மற்றவர்களுக்கு வருவதே இல்லை. அடைபட்ட குழலில் தேங்கிய நீர், செல் உதிர்ந்த ஓட்டைச் சுவர் வழியே திரும்ப உடம்புக்குள்ளேயே கசிந்துவிடுகிறது.

இந்தச் செல்லுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வடியும் நீரோடு தப்பி வரும் சிறிய புரதங்களை வீணாகப் போகவிடாமல் பொறுக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். விரியன் நஞ்சில் நிறைந்திருக்கும் ஃபாஸ்ஃபோலைப்பேஸ் என்ற நொதி அப்படிப்பட்ட சிறிய புரதம்தான். செல்லின் சவ்வு கொழுப்புமூலக்கூறுகளை அடுக்கிச் செய்த சுவர். ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு வால் கொண்டது. அந்த நொதி ஒரு வாலை நறுக்குகிறது. ஒற்றை வாலோடு நிற்கும் மிச்சம் சோப்பைப்போல் நடந்துகொண்டு சுவரைக் கரைக்கிறது. நறுக்குண்ட வால் அழற்சியை மூட்டும் பொருளாக மாறுகிறது. சிக்கனமாக இருந்த செல், அந்தச் சிக்கனத்தாலேயே நஞ்சைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

சிறுநீரகம் பாழாவது இரத்தம் உறைவதாலும் அழுத்தம் விழுவதாலும்தானா, நஞ்சு நேராகவே செல்லைக் கொல்கிறதா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. 1989இல் ஆக்ஸ்ஃபோர்டுக் குழு ஒன்று எலியின் சிறுநீரகத்தைத் தனியே எடுத்து, இரத்தமே இல்லாத திரவத்தை அதில் ஓடவிட்டு, கண்ணாடி விரியன் நஞ்சைக் கலந்து பார்த்தது. உறைவதற்கு இரத்தம் இல்லை, விழுவதற்கு அழுத்தமும் இல்லை. அப்போதும் சிறுநீரகம் கெட்டது. அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பீட்டர் ராட்கிளிஃப் என்ற இளம் சிறுநீரக மருத்துவர். செல்கள் ஆக்சிஜன் குறைவதை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காக 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்தான். சண்டிகரில் கிர்பால் சுக் போன்றவர்கள், பாம்புக்கடியால் சிறுநீரகம் நின்ற நோயாளிகளின் திசுத்துணுக்குகளைப் பார்த்து எழுதிவைத்ததும் இதே கதைதான்: பெரும்பாலானவர்களுக்குக் குழல் செல்கள் மட்டும் உதிர்ந்திருந்தன, சிலருக்குச் சிறுநீரகத்தின் வெளியடுக்கான புறணியே செத்து வெளிறிப்போயிருந்தது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து இருக்கிறது. குழல் செல்கள் உதிர்ந்தாலும் அடிச்சவ்வு கிழியாமல் இருந்தால், தப்பிப் பிழைத்த சில செல்கள் தங்கள் பழைய அலங்காரங்களைக் களைந்துவிட்டு, தட்டையாகப் படர்ந்து, பெருகி, வெற்றிடத்தை மூடிப் பிறகு மெல்ல மெல்லத் தூரிகையும் பம்பும் கட்டிக்கொள்கின்றன. இரண்டு மூன்று வாரத்தில் சிறுநீர் திரும்புகிறது. அதுவரை உடம்பின் கழிவை வெளியேற்ற டயாலிசிஸ் வேண்டும். 1943இல் ஜெர்மானியர் ஆண்ட நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் மரச்சட்டங்களையும் செல்லோஃபேன் குழாயையும் வைத்துக் கட்டிய அந்த எந்திரம் மட்டும் நம் கதையின் நாயகருக்குக் கிடைத்திருந்தால், ஒன்பதாம் நாள் தாண்டி அவர் பேரன் பேத்தி கண்டிருப்பார். புறணி செத்தவருக்கு அந்த வாய்ப்புக் குறைவு. செத்த இடத்தில் தழும்புதான் வரும். குழல் கெட்டு மீண்டவர்களிலும் ஒரு பகுதியினருக்குச் செப்பனிடும் வேலை ஒழுங்காக முடிவதில்லை. செல்கள் பாதியில் நின்று, நார்த்திசுவைக் கூப்பிட்டு விடுகின்றன. ஆண்டுகள் கழித்துக் கால் வீங்கி, இரத்தக் கொதிப்பேறி வரும் அந்த மனிதருக்குத் தன்னை எப்போதோ கடித்த பாம்பு நினைவுக்கு வராது. நம் மருத்துவமனைச் சீட்டுகளிலும் அது இருக்காது.

சிறுசேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து தெற்கே போனால் வடநெம்மேலி. முதலைப் பண்ணையை ஒட்டி இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் செங்கல்பட்டு இருளர்கள் பிடித்த பாம்புகளின் தோல் வெளிநாட்டில் கைப்பையாகவும் செருப்பாகவும் ஆனது. 1972இன் வனவிலங்குச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை ஒரே அடியில் முடித்தன. சட்டம் நியாயமானது, அது அவர்களைப் பட்டினி போட்டதும் உண்மை. ராமுலஸ் விட்டேகர் என்ற அமெரிக்கப் பிறப்புடைய நம்மூர்க்காரரின் முயற்சியில் 1978இல் இந்தச் சங்கம் உண்டாயிற்று. தோலுக்குக் கொன்ற அதே கைகள் நஞ்சுக்காக உயிரோடு பிடிக்கத் தொடங்கின. மண்பானைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பானையின் வாயையும் பருத்தித் துணியால் மூடிக் கட்டியிருக்கும். கம்பியால் மெல்ல வெளியே எடுத்த விரியனின் தலையைப் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் வைக்கிறார்கள். பல் சவ்வைத் துளைக்க, உள்ளே மஞ்சள் திவலைகள் விழுகின்றன. சில வாரங்களில் ஒரு பாம்பிடம் நான்கு முறைபோல் எடுத்துவிட்டு, அடிவயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். மறுபடி அகப்பட்டால் அடையாளம் சொல்லும். இவர்களில் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன்பே ஃபுளோரிடாச் சதுப்பில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுக்க அமெரிக்காவரை போய் வந்தவர்கள் அவர்கள்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புகளின் நஞ்சு இங்கிருந்து போய், குதிரைகளின் உடம்பில் ஏறி, விஷமுறிவு மருந்தாகி, குப்பிகளில் இந்தியா முழுவதும் திரும்புகிறது. ராஜஸ்தானத்துப் பாலையில் கடிபட்டவரும் வங்காளத்து வயலில் கடிபட்டவரும் பெரும்பாலும் செங்கல்பட்டு மாவட்டத்துப் பாம்பின் நஞ்சுக்கு எதிராகச் செய்த மருந்தைத்தான் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரே விரியன்கூட ஊருக்கு ஊர் வேறு நஞ்சைச் சமைக்கிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழுவினர் தொடர்ந்து காட்டி வருகிறார்கள். நம் மண்ணின் மருந்து நம் மண்ணின் கடிக்குப் பொருந்துவதுபோல் தூரத்து மண்ணின் கடிக்குப் பொருந்துவதில்லை. கால்மெட்டின் சீரத்துக்கு லாம்ப் சொன்ன பதிலை நூறாண்டு கழித்து வேறு வாயால் கேட்கிறோம். இருளருக்குப் பெருமை சேர்க்கும் இந்த ஏகபோகம் நாட்டுக்கு நல்லதல்ல என்பதை, அவர்கள்மேல் உள்ள மரியாதை குறையாமலே சொல்லலாம்.

சரியான மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. பத்து மில்லி லிட்டர் குப்பி ஒன்று ஆறு மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சைக் கட்டும். ஒரு கடியில் சராசரியாக அறுபது மில்லிகிராம் அளவில் நஞ்சு இறங்கும் என்ற கணக்கில்தான் பத்துக் குப்பியில் தொடங்குகிறார்கள். அந்த மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும். ஏற்கெனவே செல்லுக்குள் போய்விட்டதையும், நறுக்கப்பட்டுவிட்ட சவ்வையும் அது ஒன்றும் செய்ய முடியாது. கடிபட்ட கணத்திலிருந்து மருந்து ஏறும் வரை கழிந்த மணி நேரங்கள்தான் சிறுநீரகத்தின் கணக்கில் எழுதப்படுகின்றன. மந்திரித்த வீட்டில் கழிந்த நேரமும், நாலு ஆஸ்பத்திரி வாசலில் நின்று திருப்பி அனுப்பப்பட்ட நேரமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

பழைய விஷ வைத்திய நூல்கள் நஞ்சுக்கு ஏழு வேகம் என்று சொன்னன. தாது தாதுவாக, அடுக்கு அடுக்காக அது உள்ளே புகுகிறது என்பது அவற்றை எழுதியவர்களின் எண்ணம். அடுக்குகளை அவர்கள் கண்டது ஊகத்தால். ஆனால் நஞ்சு என்பது ஒரு நிகழ்வல்ல, படிப்படியான பயணம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை நடைமுறையில் தொலைத்தவர்கள் நாம். வெறும் கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால், இரத்தம் உறைகிறதா இல்லையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் குழாய் உறைந்த இரத்தத்தைக் காட்டத் தொடங்கியதும் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது. வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். வேப்பிலை வைத்தியர் எந்த இடத்தில் கலைந்து போனாரோ ஏறத்தாழ அதே இடத்தில், நவீன மருத்துவமும் கோப்பை மூடுகிறது. நோயாளி குணமடைந்தார் என்று எழுதும் சீட்டும், விஷம் இறங்கிவிட்டது என்ற சொல்லும் ஒன்றுக்கொன்று தூரத்து உறவு அல்ல.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் பன்னிரண்டு லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000. 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைக் கவனிப்பாரற்ற நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் ஒவ்வொரு பாம்புக்கடியையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. எண்ண ஆரம்பித்திருக்கிறோம், தாமதமானாலும் வரவேற்க வேண்டியது. ஆனால் கடியை எண்ணுகிறோம், சாவை எண்ணுகிறோம். பிழைத்துப் போனவரின் இரத்தத்தில், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு மூன்று மாதம் கழித்து என்ன ஆயிற்று, அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று என்று கேட்கும் பத்தி அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நம் புள்ளிவிவரமும் காலை மட்டும் பார்த்த வைத்தியராகிவிடும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் வீட்டிலோ, உங்கள் நிலத்திலோ, உங்கள் கட்டடத்துக்குக் கல் சுமக்கும் கூலிகளிலோ ஒருவரைப் பூச்சி கடித்தால், கயிறு தேடாமல், கீறிவிடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஊசி போட்டுத் திரும்பி வந்த பிறகும் அவரை விட்டுவிடாதீர்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் போய், கடிவாயைப் பார்ப்பதற்கு முன்னால், காலையிலிருந்து எத்தனை தரம் சிறுநீர் போனது, எவ்வளவு போனது, என்ன நிறத்தில் போனது என்று கேளுங்கள்.